திருத்தம் சொல்ல வந்தவர்கள்

ஆடிக்காற்று ஊரின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், முந்தின வாரம் செத்து, எல்லோரும் எரித்துத் தலைமுழுகிவிட்ட பாவாத்தாள், செங்காட்டுத்துறை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி, ‘வாய்க்கால்’ பத்திரிகை ஆபீசின் படியேறி வந்தாள். நெற்றியில் வைத்த ஒற்றை ரூபாய் விழாமல் இருந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணியும் அவிழாமல் இருந்ததால், சின்னச் சின்னதாக எட்டு வைத்துத்தான் அவளால் நடக்க முடிந்தது. வழியில் பார்த்தவர்கள் “போறது பாவாத்தாளா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்களே தவிர, யாரும் நிறுத்தி விசாரிக்கவில்லை. ஆடி மாதத்தில் வாயைத் திறந்தால் மண் விழும்.

ஆபீசில் கோகிலாமணி மட்டும் இருந்தாள். வெளியூர்ப் பிரதிகளுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தவள், நிமிராமலேயே “வாங்க, உக்காருங்க” என்றாள். படியேறி வந்த யாரையும் அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம், அதற்குப் பிறகுதான் யாரென்று பார்ப்பாள். பாவாத்தாள் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். வாய் நிறைய வாய்க்கரிசி. கோகிலாமணி ஒரு டம்ளரை நீட்ட, அவள் அதில் துப்பினாள். பிறகு கோகிலாமணி பேப்பர் வெட்டும் கத்தரிக்கோலோடு குனிந்து கால்கட்டை அறுத்துவிட்டாள், பாவாத்தாள் அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

“ஏனுங்க அம்மிணி, எனக்குப் படிப்பறிவு இல்லீன்னு உங்க பேப்பருல போட்டிருக்கறீங்க. எனக்குப் படிக்கத் தெரியும்.”

“உங்க பேரன்தானுங்க வந்து சொன்னான்.”

“அவனுக்கென்ன தெரியும்? யாருக்குந் தெரியாது. மளிகைக் கடையில பொட்டலங் கட்டித் தர்ற பேப்பரை வெச்சு நானே கத்துக்கிட்டேன். எங்கூட்டுக்காரருக்கு எழுத்து வராது. அவிய பஸ் போர்டைப் பாத்து முழிச்சிட்டு நிக்கறப்ப, எனக்குத் தெரியும்னு எந்த வாயில சொல்றது? கடைசி வரைக்கும் சொல்லல. உங்க பேப்பரைக்கூட வடை மடிக்கன்னு சொல்லித்தான் வாங்கிப் படிச்சேன்.”

கோகிலாமணி எழுதிக்கொண்டாள். “இந்தச் சனிக்கிழமை திருத்தம் போட்டுடறேனுங்க.”

“போடு கண்ணு. அப்ப நான் போறேன்.”

“போறேன்னு சொல்லக்கூடாதுங்க. போயிட்டு வாங்க.”

பாவாத்தாள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். சனிக்கிழமை திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. டம்ளரில் இருந்த அரிசியைக் கோகிலாமணி வாசலில் கொட்டினாள், குருவிகள் வந்து தின்றுவிட்டுப் போயின.

‘வாய்க்கால்’ அப்போது பல் முளைக்காத பத்திரிகை. கோகிலாமணியும் அவள் புருஷன் சென்னியப்பனும் இரண்டு தாளில் தொடங்கியது. பெரிய பத்திரிகைகளில் செங்காட்டுத்துறையின் பெயர் வரவேண்டுமென்றால் பஸ் கவிழ வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆற்றில் முழுக வேண்டும். சும்மா உயிரோடு இருக்கிற ஊருக்கு அவற்றில் இடமில்லை. வாய்க்காலில் தண்ணீர் என்றைக்குத் திறக்கிறார்கள், எந்த மதகுக்கு எந்த முறை, காலை பஸ் ஏன் மூன்று நாளாக வரவில்லை, யார் வீட்டு ஆடு காணோம் என்பதையெல்லாம் யார் போடுவது? சென்னியப்பன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவராக இருந்தவர், ஊரில் அவர் கால் வைக்காத வீடு இல்லை. கோகிலாமணி கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடத்தில் பிழை பார்த்தவள், அவள் கண்ணுக்குத் தப்பிய தப்பு இல்லை. அவர் சேதி கொண்டுவருவார், அவள் எழுதித் திருத்துவாள். கடைசிப் பக்கத்தில், அந்த வாரம் ஊரில் இறந்தவர் எத்தனை எளியவராக இருந்தாலும் அவரைப் பற்றி ஒரு பத்தி. அதற்கு ‘போயிட்டு வரேன்’ என்று பெயர் வைத்தவர் சென்னியப்பன். நம் ஊரில் எவன் போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான், போயிட்டு வரேன் என்றுதானே சொல்வான் என்பது அவர் கட்சி.

இது ஊருக்குச் சொன்ன கதை. வீட்டுக்குள் இருந்த கதை வேறு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது, பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்தது, பெயர்கூட வைக்காமல் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு வாயை மூடிய கோகிலாமணி பிறகு திறக்கவே இல்லை. சமைத்தாள், துவைத்தாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், பேச்சு மட்டும் இல்லை. கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள், மந்திரித்தார்கள், வைத்தியரிடம் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சென்னியப்பன் தினமும் மீட்டர் பார்க்கப் போன வீடுகளின் சேதிகளை அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சாப்பிடும்போது, “மாவு மில்லுக்காரரு ஊட்டுல மாடு ரெட்டைக் கன்னு போட்டிருக்குது” என்றார். சோறு போட்டுக்கொண்டிருந்த கோகிலாமணியின் கை நின்றது. “அவிய ஊட்டுல மாடே இல்லீங்களே” என்றாள். அதுதான் அவள் திரும்பப் பேசிய முதல் பேச்சு.

அதற்குப் பிறகு அவர் ஒரு சேதியையும் சரியாகச் சொன்னதில்லை. தங்கச்சி கல்யாணத்தை அக்கா கல்யாணம் என்பார், கிழக்கே விழுந்த மரத்தை மேற்கே விழுந்ததாகச் சொல்வார், அவள் திருத்துவாள், திருத்தித் திருத்தியே பேச்சு வீட்டுக்குள் திரும்பி வந்து குடியேறியது. இப்படி எல்லாவற்றையும் திருத்துகிறவளுக்கு ஒரு வீடு போதாது, ஊரே வேண்டும் என்று அவருக்குத் தோன்றித்தான் பத்திரிகை தொடங்கியது. முதல் இதழ் அச்சாகி வந்த அன்றைக்கு, மை வாசத்தோடு அதை அவள் மடியில் வைத்து, “அத்தனையும் தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன் அம்மிணி” என்று ஒப்புக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

பாவாத்தாள் வழி காட்டிவிட்டுப் போனபிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். எல்லாச் சாவுக்கும் வருவதில்லை, எப்போதாவது ஒருவர், திங்கட்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள், நெற்றிக் காசும் வாய்க்கரிசியுமாக, கால்கட்டோடு நடந்து வந்து, போட்டதில் இது தப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். ஊர் முதல் மாதம் கதவைச் சாத்திப் பார்த்தது, இரண்டாம் மாதம் ஜன்னல் வழியாகப் பார்த்தது, மூன்றாம் மாதம் பழகிவிட்டது. “போயிட்டு வரேன்னு பேரு வெச்சா வரத்தான செய்வாங்க” என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். திங்கட்கிழமையில் அந்த வீதியில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தக் கூடாது என்று தானாக ஒரு முறை வந்தது, கால்கட்டோடு வருகிறவர்கள் தடுக்கி விழுந்துவிட்டால் பாவம் யாருக்கு? மாரியம்மன் கோயில் பூசாரியிடம் தீட்டு உண்டா என்று கேட்டார்கள். பத்திரிகை ஆபீசுக்குத் தீட்டு கிடையாது என்று அவர் யோசித்துச் சொன்னார். உயிரோடு இருக்கிற சிலர், பின்னால் வெயிலில் நடக்க வேண்டாமே என்று இப்போதே வந்து தங்களைப் பற்றிய உண்மைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள், அதில் பாதி பொய்.

அரிசி ஆலை குப்பண்ணன் செத்தபோது அவருடைய மகன்கள் ‘கொடைவள்ளல்’ என்று முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். குப்பண்ணன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்பது காக்காய்க்கும் தெரியும், ஆனால் அந்த மகன்களை எதிர்த்து எவன் வாயைத் திறப்பான்? திங்கட்கிழமை அவரே வந்துவிட்டார்.

“எடுத்துப்போடுங்க. போற எடத்துல எல்லாருஞ் சிரிக்கறாங்க.”

சென்னியப்பன் அப்படியே போட்டார்: ‘கொடைவள்ளல் என்று வந்தது தவறு. தெரிவித்தவர்: அவரே.’ மகன்கள் ஆபீஸ் வாசலில் வந்து குதித்தார்கள். வழக்குப் போடுவோம் என்றார்கள், அப்பாவைக் கூண்டில் ஏற்ற முடியாது என்று வக்கீல் சொன்னதும் வழக்கை விட்டுவிட்டு, தங்கள் விளம்பரத்தையும் சொந்தபந்தக் கடைகளின் விளம்பரத்தையும் நிறுத்தினார்கள். ‘வாய்க்கால்’ ஒற்றைத் தாளாக மெலிந்துபோனது. இந்த வாரத்தோடு சரி என்று சென்னியப்பன் தலையங்கம் எழுதி வைத்திருந்தபோது, விவரம் கேள்விப்பட்டு ஊர் வந்தது. சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், படிக்கவே தெரியாதவர்கள்கூட வந்து சந்தா எழுதிப் போட்டார்கள். “நாளைக்கு நானும் சாகோணுமல்ல, எனக்குன்னு திருத்தம் போட ஒரு பேப்பரு வேண்டாமா?” என்றார் ஒரு சலூன்காரர். அதற்குப் பிறகு பத்திரிகை எட்டுப் பக்கமானது, திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் தபாலில் வாங்கினார்கள், எவன் விளம்பரம் தந்தாலும் தராவிட்டாலும் அது நிலைத்து நின்றது.

ஆனால் பாசம் என்று ஒன்று இருக்கிறதே. பூங்கொடி என்றொருத்தி, லாரியில் அடிபட்டு மகனைப் பறிகொடுத்தவள், கோகிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்ற பையனைப் பத்தி எதாச்சும் ஒண்ணு தப்பாப் போடுங்கக்கா. திருத்தஞ் சொல்ல வருவானல்ல. ஒருக்கா பாத்துக்கறேன்.”

சென்னியப்பன் கண்டிப்பாக முடியாது என்றார். “தெரியாமப் போட்டாத் தப்பு. தெரிஞ்சு போட்டாப் பொய். பொய் போடறதுக்கு நாம எதுக்குத் தனியா ஒரு பேப்பரு நடத்தோணும்?”

கோகிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல், அந்தப் பையனுக்குக் கிரிக்கெட் என்றாலே பிடிக்காது என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை இதழ் வந்த உடனே அவனோடு ஆடிய பையன்கள் மட்டையும் பந்துமாக வந்து சண்டை பிடித்தார்கள். தானே கேட்டு வாங்கிய பொய்யைப் பூங்கொடியாலேயே பொறுக்க முடியவில்லை, “என்ற பையன் மட்டையைக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கறவனாச்சே” என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள் இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பையன் வரவில்லை.

சென்னியப்பன் திட்டவில்லை. திருத்தத்தைத் தன் கையால் எழுதிப் போட்டார், அன்று முழுக்கக் கோகிலாமணியோடு பேசாமல் இருந்தார், மறுநாள் சாப்பிடும்போது ஊருக்குக் கிழக்கே மலை ஒன்று முளைத்திருப்பதாகச் சேதி சொன்னார். அவள் திருத்தினாள். அதோடு அந்தக் கோபம் தீர்ந்தது.

ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் திறக்கிறார்களா என்று பார்த்துவரப் போன சென்னியப்பன், வாய்க்கால் கரையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் சாயங்காலம் வந்தது. வீட்டில் கிடத்தி நெற்றியில் காசு வைத்தார்கள், ஊரே அரிசி போட்டது, பங்காளி ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்துக் கால் விரல்களைக் கட்டினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அழாமல் இருந்த கோகிலாமணி, அந்தக் கட்டு விழுந்தபோதுதான் அலறினாள். “இத்தனை இறுக்கமாக் கட்டாதீங்க, அவிய நடக்கோணும்” என்றாள். கேட்டவர்கள் அவள் புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்தார்கள்.

அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அந்த வார ‘போயிட்டு வரேன்’ பத்தியில் தன் புருஷனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, வாழ்நாளில் முதல்முறையாக, தப்புத் தேடித் தேடி எழுதினாள். தெரிந்து போட்ட தப்புக்கு யாரும் வருவதில்லை என்று பூங்கொடி விஷயத்தில் பார்த்தவள்தான். ஆனாலும் சென்னியப்பனுக்குத் தப்பு ஆகாதே, ஒரு பெயர் மாறி அச்சாகிவிட்டால் சோறு இறங்காத மனுஷன் சுடுகாட்டிலிருந்தாவது எழுந்து வராமல் இருப்பாரா? பிறந்த ஊரை மாற்றிப் போட்டாள். வயதை மாற்றினாள். அப்பா பெயரை மாற்றினாள். கடைசியில், ‘வீட்டில் ஒரு செய்தியையும் சரியாகச் சொல்லத் தெரியாதவர்’ என்று எழுதிவிட்டு, கத்தரிக்கோலைத் தேய்த்துப் பதம் பார்த்து, பெஞ்சைத் துடைத்து, திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

அவர் வரவில்லை. வந்தவர் அவருடைய தங்கை, பிறந்த ஊர் தப்பு என்று சொல்ல. பிறகு பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர், வயது தப்பு என்று சொல்ல.

அவள் விடவில்லை. அடுத்த வாரம் ‘மேலும் சில நினைவுகள்’ என்று தொடங்கி, நாயைக் கண்டால் கல்லெடுப்பவர் என்று போட்டாள். அதற்கடுத்த வாரம், பெரிய வீடுகளில் மட்டும்தான் பணிவாகப் பேசுவார் என்று போட்டாள். எழுதும்போது கண்ணீர் விழுந்து மை கரைந்தது, ஆனாலும் போட்டாள். வாங்க, வந்து இல்லைன்னு சொல்லுங்க, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க, அந்தக் கால்கட்டை யாராவது அறுத்துவிட்டார்களா இல்லையா என்று மட்டுமாவது பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு பொய்யையும் ஒரு வேண்டுதலாகப் போட்டாள்.

வந்தது ஊர்தான். ஆபீஸ் வாசலில் தொடங்கி மாவு மில் வரைக்கும் நின்றார்கள். நாய்களுக்குப் போட அவர் சட்டைப்பையில் ரொட்டித் துண்டு வைத்திருப்பார் என்றார் பால்காரர். தனியாக இருக்கிற கிழவர் வீடென்றால் மீட்டரை வேண்டுமென்றே மெதுவாகப் பார்ப்பார், என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுத்தான் போவார் என்று ஒருவர் சொன்னார். “ஃபியூசு போயி நான் இருட்டுல கெடந்தப்ப, அது அவிய வேலையே இல்ல, மழையில நனைஞ்சுட்டு வந்து போட்டுக் குடுத்தாங்க. அவியளைப் போயி இப்படி எழுதறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?” என்று பூக்காரம்மா கோகிலாமணியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, பிறகு அவளையே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கோகிலாமணிக்குத் தெரியாத சென்னியப்பன் எத்தனையோ பேர் அந்த வரிசையில் வந்தார்கள். அவள் எல்லாவற்றையும் திருத்தமாகப் போட்டாள். அந்த மாதம் ‘வாய்க்கால்’ விற்றது போல முன்னும் விற்றதில்லை, பின்னும் விற்றதில்லை. அவள் தேடிய ஒருவர் மட்டும் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கீரை விற்றுக்கொண்டிருந்த நஞ்சம்மாள் அந்தச் சமயத்தில்தான் செத்தாள். சொந்தமென்று யாரும் இல்லாதவள், பஞ்சாயத்து ஆட்கள் எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். ‘சொந்த ஊர் தெரியவில்லை’ என்று பத்தியில் வந்தது. திங்கட்கிழமை வந்த நஞ்சம்மாளுக்கு நெற்றியில் காசில்லை, வாயில் அரிசியில்லை, கட்டிவிட ஆளில்லாததால் காலில் கட்டும் இல்லை, வீசி நடந்து வந்து உட்கார்ந்தாள். மலையடிவாரத்தில் ஒரு ஊரின் பெயரைச் சொன்னாள். எழுதி முடித்ததும் கோகிலாமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமுங்களா? எங்கூட்டுக்காரரு ஏனுங்க வரமாட்டேங்கறாரு? எத்தனை தப்புப் போட்டுட்டேன்.”

நஞ்சம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அவுனுக்காகச் சொல்றதுக்கு ஊரே திரண்டு வந்து நிக்குது. எனக்குன்னு சொல்ல ஒரு நாதி இருந்திருந்தா நான் எதுக்குக் கண்ணு இந்த வெயில்ல நடந்து வாரேன்?”

“ஒரு தப்பு இருக்குதுங்க. ஊட்டுல சேதி சரியாச் சொல்லத் தெரியாதுன்னு போட்டேன். அது ஊருக்குத் தெரியாது. அதை யாருந் திருத்தல.”

“அதுக்கு நீ இருக்கறயே.”

“நான் சொல்லலீங்களே.”

“இன்னிக்குச் சொல்லாட்டி நாளைக்குச் சொல்லிப்போடுவ. தப்பை வெச்சுக்கிட்டு உன்னால இருக்க முடியாதுன்னு அவுனுக்குத் தெரியாதா? உனக்கு நெனப்பு இருக்கற வரைக்கும் அவன் எதுக்கு வாரான்?” நஞ்சம்மாள் எழுந்தாள். “வெசனப்படாத. நான் போறேன்.”

“போயிட்டு வாங்க” என்று கோகிலாமணி பழக்கத்தில் சொன்னாள். பிறகு பெஞ்சில், நஞ்சம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஊர் அவரைச் சரியாக வைத்திருக்கிறது, அவளும் சரியாக வைத்திருக்கிறாள், அதனால்தான் அவர் வர வேண்டியதில்லை என்றால், இது என்ன நியாயம்?

அந்தத் தப்பை மட்டும் அவள் திருத்தவில்லை. நான்கு வரி எழுதினால் தீர்ந்துபோகிற விஷயம். ஒவ்வொரு வாரமும் எழுத உட்காருவாள், எழுதினால் இனி காத்திருக்கக் காரணமில்லை என்று தோன்றும், பேனாவை மூடிவிடுவாள். ஊரில் எவர் தப்பையும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திராத பத்திரிகை, தன்னை உண்டாக்கினவரைப் பற்றிய ஒரு பொய்யை வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டு வந்தது. பொறுக்க முடியாமல் அவர் வந்துவிடுவார் என்று அவளும், பொறுக்க முடியாமல் அவள் திருத்திவிடுவாள் என்று அவரும், இரண்டு பேரும் அடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகை வளர்ந்தது. சொந்தமாக ஒரு கட்டடம் வந்தது, பக்கம் கட்டவும் எழுதவும் ஆட்கள் வந்தார்கள். தையற்கடையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த சுகந்தி கெட்டிக்காரி, நாளடைவில் ஆசிரியர் பொறுப்பு அவளிடம் போனது. கோகிலாமணி முதலில் சாவி வைத்த இடத்தை மறந்தாள், எல்லோரும் மறப்பதுதான். பிறகு உப்புப் போட்டாளா என்பதை மறந்தாள். பிறகு வீதிகளின் பெயர்களை, பிறகு ஆட்களின் பெயர்களை. பிழை பார்த்த கண்ணுக்கு எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டன என்று தெரிந்த அன்று சுகந்தி குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, “யாருங்க அது, நல்ல மூஞ்சி” என்று கோகிலாமணி கேட்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. காலையில் குளித்து, தானாக நடந்து வந்து, டம்ளரையும் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். வந்தவர் சொல்வதைக் கேட்டுத் தாளில் எதையோ கிறுக்குவாள், பக்கத்தில் இருந்து சுகந்தி ஒழுங்காக எழுதிக்கொள்வாள். இறந்தவர்களுக்கும் அவளைத்தான் பிடித்திருந்தது.

அப்படி ஒரு திங்கட்கிழமை, மழை விட்ட வெயிலில், மெலிந்த மனிதர் ஒருவர் நெற்றியில் கறுத்துப்போன ஒற்றை ரூபாயும் காலில் பழுப்பேறிய கட்டுமாக, சின்னச் சின்னதாக எட்டு வைத்துப் படியேறி வந்தார். சுகந்தி பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“வாங்க, உக்காருங்க” என்றாள் கோகிலாமணி.

டம்ளரை நீட்டினாள். அவர் துப்பினார், ஊரே போட்ட அரிசி, டம்ளர் நிறைந்து வழிந்தது. அவள் கீழே உட்கார்ந்து அவர் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “இத்தனை நாளா யாரும் அறுத்துவிடலீங்களா, தோலு பதிஞ்சுபோச்சே” என்று சொல்லிக்கொண்டே, வலிக்காமல், நிதானமாக அறுத்தாள். அறுத்த பிறகும் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டாள். அவர் அவளுடைய நரைத்த வகிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சொல்லுங்க, என்ன தப்பு?”

“ஊட்டுல ஒரு சேதியுஞ் சரியாச் சொல்லத் தெரியாதவன்னு என்னையப் போட்டிருக்குதுங்க. ரொம்ப நாளாச்சு.”

“எத்தனை நாளானா என்னங்க, தப்பு தப்புதான? சரியானது என்ன?”

“தெரியாமச் சொல்லலீங்க. தெரிஞ்சேதான் தப்புத் தப்பாச் சொன்னேன். என்ற ஊட்டுக்காரி பேசாமப் போயிட்டா. கொழந்தை போன வெசனம். தப்பாச் சொன்னா அவளுக்குப் பொறுக்காது, திருத்துவா. அவ பேச்சைக் கேக்கோணும்னுதானுங்க அப்படிப் பண்ணுனேன்.”

கோகிலாமணியின் கை தாளில் கோடுகளாக இழுத்துக்கொண்டே போனது. “அந்த அம்மா குடுத்து வெச்சவங்க” என்றாள். “இந்தச் சனிக்கிழமை போட்டுடறோமுங்க.”

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் எழுந்து படி வரைக்கும் போனார். கட்டில்லாத கால், ஆனாலும் சின்னச் சின்னதாகத்தான் எட்டு வைத்தார். படியில் நின்று திரும்பி, “மாவு மில்லுக்காரரு ஊட்டுல மாடு ரெட்டைக் கன்னு போட்டிருக்குதாமுங்க” என்றார்.

அவள் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “அவிய ஊட்டுல மாடே இல்லீங்களே” என்றாள்.

அவர் அந்தப் பேச்சு முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டார்.

“சரி அம்மிணி. போறேன்.”

“போறேன்னு சொல்லக்கூடாதுங்க. போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, கோகிலாமணி டம்ளர் அரிசியைக் குருவிகளுக்குக் கொட்டச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு, அடுத்தது யார் என்று வாசலைப் பார்த்தாள்.